கத்தியும் கேள்வியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பேசும் அவையில் புற்றுநோய் அறுவை மருத்துவம் பேசப்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் தமிழின் அறநூல் மருத்துவத்தைத் தனக்குப் புறம்பானதாகக் கருதவில்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை வள்ளுவர் எண்ணுகிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பது அவர் கொண்ட வரிசை. மருத்துவனுக்கும் முன்னே நோயாளி நிற்கிறான். அந்த முதலிடத்தின் பொருளை அறுவை மருத்துவம் உணர்ந்துகொள்ள நெடுங்காலம் பிடித்தது. அந்த வரலாறே இவ்வுரையின் பொருள்.

மயக்கமின்றி ஓர் அறுவை

'எவலினா' என்னும் நாவலால் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் ஃபேனி பர்னி, 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸ் நகரில் தம் இல்லத்திலேயே மார்பக அறுவைக்கு உள்ளானார். கத்தியை ஏந்தியவர் நெப்போலியனின் படை மருத்துவரான லாரே. மயக்க மருந்து கண்டறியப்படாத காலம் அது. முகத்தின்மேல் இடப்பட்ட மெல்லிய துணியின் ஊடே எஃகின் ஒளியை அவர் கண்டார். கத்தி இறங்கியதையும் எலும்பில் உரசியதையும் முழு நினைவோடு உணர்ந்தார். பின்னர் தம் சகோதரிக்கு அதனை ஒரு மடலாக எழுதினார். எழுதி முடிக்கப் பல மாதங்கள் ஆயின. அறுவைக்குப்பின் அவர் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1840இல் மறைந்தார். அக்கட்டி புற்றுநோய்தானா என்ற ஐயம் பிற்காலத்தில் எழுந்ததுண்டு. எனினும் நோயுற்றவரின் பக்கத்திலிருந்து அறுவையைச் சொன்ன எழுத்துகளில் அம்மடல் தலையாயது எனலாம்.

1846இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியால் மயக்கமூட்டி அறுவை செய்து காட்டினர். 1867இல் ஜோசப் லிஸ்டர் புண் சீழ்ப்பிடிப்பதைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். வலி அடங்கியது, சீழும் குறையத் தொடங்கியது. மருத்துவர் விரைந்து முடிக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது. கத்தி நெடுநேரம் தங்கி, ஆழமாகவும் அகலமாகவும் செல்ல வழி பிறந்தது.

அகல அறுத்த காலம்

பால்டிமோர் நகர அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், 1894இல் தம் முறையை விரிவாக வெளியிட்டார். மார்பகம், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குளின் நிணநீர்க் கணுக்கள் ஆகிய அனைத்தையும் ஒரே தொகுதியாக நீக்குவது அம்முறை. புற்றுநோய் ஒரு மையத்திலிருந்து படிப்படியாகப் பரவுகிறது என்றும், அதன் எல்லையைத் தாண்டி அறுத்துவிட்டால் நோய் வேரோடு நீங்கும் என்றும் அவர் கருதினார். வெட்டிய இடத்தில் நோய் மீள்வது உண்மையாகவே குறைந்தது. ஆகவே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அம்முறை கோலோச்சியது.

அதற்குப் பெண்கள் கொடுத்த விலை பெரிது. மார்பு குழிந்தது. கை வீங்கிக் கனத்தது. தோளைத் தூக்குவதும் துன்பமாயிற்று. இத்தனைக்குப் பின்னும் பலர் மாண்டனர். அப்போதும், இன்னும் அகலமாக அறுத்திருக்க வேண்டும் என்றே சிலர் முடிவு செய்தனர். அவ்வாறே அறுத்தும் பார்த்தனர். அறுவை குறைந்தால் உயிர் போகுமா என்ற கேள்வியை முறையாகக் கேட்டுச் சோதிக்க நெடுங்காலம் எவரும் முன்வரவில்லை.

கேள்வி எழுந்தது

முன்வந்தவர் பிட்ஸ்பர்க் நகரத்துப் பெர்னார்ட் ஃபிஷர். புற்றணுக்கள் தொடக்கத்திலேயே குருதியில் கலந்து தொலைவு செல்லக்கூடும் என்று அவருடைய ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. அப்படியாயின் சுற்றியுள்ள தசையை எவ்வளவு அறுத்தாலும் ஓடிப்போன அணுவைப் பிடிக்க இயலாது. இக்கருத்தைச் சொல்லால் நிறுவ அவர் முயலவில்லை. 1971இல் பெரிய சோதனை ஒன்றைத் தொடங்கினார். 1,600க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்தனர். யாருக்குப் பேரறுவை, யாருக்குக் குறைந்த அறுவை என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை, குலுக்கல் தீர்மானித்தது. உத்திரமேரூர்க் குடவோலையில் சார்புக்கு இடமில்லாததுபோல இதிலும் இடமில்லை. 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002இல் முடிவை வெளியிட்டனர். இரு சாராரின் வாழ்நாளிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

1976இல் தொடங்கிய அடுத்த சோதனையில் 1,851 பெண்கள். கட்டியை மட்டும் நீக்கி மார்பகத்தைக் காத்தவர்களும், மார்பகம் முழுவதையும் இழந்தவர்களும் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒத்த அளவிலேயே உயிர்வாழ்ந்தனர். கட்டியை மட்டும் நீக்கியவர்களுள் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் மீண்டது. கதிர்வீச்சும் பெற்றவர்களுக்கு அது நூற்றுக்கு 14 ஆகக் குறைந்தது. இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி 701 பெண்களிடம் நடத்திய சோதனையும் வாழ்நாளில் வேறுபாடு இல்லை என்றே காட்டியது.

இங்கே ஒரு பெண்ணின் குரலையும் குறிக்க வேண்டும். அக்காலத்தில் கட்டியைச் சோதிப்பதற்கென மயக்கமூட்டுவர். புற்று என்று தெரிந்தால் எழுப்பிக் கேளாமல் அப்போதே மார்பகத்தை நீக்கிவிடுவர். துயில் கலையும்போதுதான் இழப்பு தெரியும். ரோஸ் குஷ்னர் என்னும் அமெரிக்க இதழாளர் 1974இல் தமக்குக் கட்டி கண்டபோது அதற்கு உடன்பட மறுத்தார். பின்னர் அவ்வழக்கத்தை எதிர்த்து எழுதினார், போராடினார். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழுவில் அவரும் இருந்தார். சோதனை வேறு, அறுவை வேறு என இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. வள்ளுவர் முதலில் வைத்தவரை மருத்துவமும் முதலில் வைக்கத் தொடங்கியது அப்போதுதான்.

காவற்கணு

அடுத்த கேள்வி அக்குளைப் பற்றியது. நிணநீர்க் கணுக்கள் அனைத்தையும் நீக்கினால் கை வீங்கக்கூடும். அனைத்தையும் நீக்கத்தான் வேண்டுமா? கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் சேரும் கணுவைக் காவற்கணு எனலாம். கட்டியின் அருகே நீலச் சாயத்தைச் செலுத்தினால் அது அக்கணுவிற் சென்று தேங்கும். அதை மட்டும் எடுத்துப் பார்த்து, அதில் நோயில்லையெனில் மற்றவற்றை விட்டுவிடலாம். தோலில் தோன்றும் கரும்புற்றுக்கு டொனால்ட் மார்ட்டன் 1992இலும், மார்பகப் புற்றுக்கு அர்மாண்டோ ஜூலியானோ 1994இலும் இம்முறையை வெளியிட்டனர்.

காவற்கணுவில் நோய் இருந்தாலோ? அதையும் சோதித்தனர். மார்பகத்தைக் காத்துக் கதிர்வீச்சு பெற்ற, ஒன்று அல்லது இரண்டு காவற்கணுக்களில் மட்டும் நோய் கண்ட 891 பெண்கள் அச்சோதனையில் சேர்ந்தனர். பத்தாண்டு முடிவு 2017இல் வெளிவந்தது. மற்றக் கணுக்களை விட்டுவைத்தவருள் 86.3 விழுக்காட்டினரும், அனைத்தையும் நீக்கியவருள் 83.6 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். விட்டுவைத்ததால் தீங்கு நேரவில்லை. 2023இல் மிலான் ஆய்வாளர் மேலும் ஒரு படி சென்றனர். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்டு, மீயொலிப் படத்தில் அக்குள் தெளிவாக இருந்தால் காவற்கணுவையும் தொடாமல் விடலாம் என்று காட்டினர்.

மலக்குடற் புற்றிலும் இத்தகைய மாற்றம் வந்தது. பிரேசிலின் சாவோ பாலோ நகர மருத்துவர் ஆஞ்சலீட்டா ஹாபர்-காமா, கதிர்வீச்சாலும் மருந்தாலும் கட்டி முற்றிலும் மறைந்தவர்களை அறுக்காமல் கூர்ந்து கண்காணிக்கலாம் என்றார். அவருடைய 2004ஆம் ஆண்டுக் கட்டுரை கடும் ஐயத்தைக் கிளப்பியது. 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் ஏறத்தாழ பாதிப் பேர் மலக்குடலை இழக்காமல் மூன்றாண்டுகளைக் கடந்தனர். வயிற்றில் துளையிட்டு, வாழ்நாள் முழுதும் பை கட்டிக்கொள்ள நேர்ந்தவரின் துன்பத்தை அறிந்தவர்க்கு இதன் அருமை விளங்கும்.

குறைவே எப்போதும் நிறைவா?

இதுவரை கேட்டவர்கள், கத்தி சிறுகச் சிறுக நன்மை பெருகும் என்று முடிவு கட்டக்கூடும். உண்மை அவ்வளவு எளியதன்று.

கருப்பைவாய்ப் புற்றின் தொடக்க நிலையில், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பதிலாகச் சிறு துளைகளின் வழியே செய்யும் அறுவை பரவிவந்தது. தழும்பு சிறிது, வீடு திரும்புவது விரைவு. அது மேலானது என்றே பலரும் நம்பினர். 631 பெண்கள் பங்கேற்ற சோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. நான்கரை ஆண்டுகளில் நோயின்றி இருந்தோர், திறந்த அறுவையில் 96.5 விழுக்காடு, துளைவழி அறுவையில் 86 விழுக்காடு. சிறிய காயம் பெரிய இழப்பைத் தந்தது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் வாய்ப்புற்று ஆய்வும் இத்தகையது. தொடக்க நிலை வாய்ப்புற்றில் கழுத்துக் கணுக்களை உடனே நீக்குவதா, நோய் அங்கே தலைகாட்டும்வரை காத்திருப்பதா என்பது நெடுநாள் வழக்கு. அனில் டி'குரூஸும் குழுவினரும் நடத்திய சோதனை 2015இல் அதற்குத் தீர்ப்பளித்தது. உடனே நீக்கியவருள் மூன்றாண்டுகளில் உயிருடன் இருந்தோர் 80 விழுக்காடு, காத்திருந்தவருள் 67.5 விழுக்காடு. இங்கே மிகுதியாக அறுத்ததே உயிர் காத்தது. வெற்றிலையும் புகையிலையும் வாயடக்கும் பழக்கமுள்ள இந்தியாவில் எழுந்த கேள்விக்கு இந்திய நோயாளிகளே விடை தந்தனர்.

ஆகவே, கத்திக்கு அளவு கற்பித்தது துணிவும் அன்று, இரக்கமும் அன்று. இரண்டும் வழிதவறியதுண்டு. ஹால்ஸ்டெட் துணிவால் மிகுதியாக அறுத்தார். துளைவழி அறுவையர் இரக்கத்தால் குறைத்தனர். இரு பிழையையும் காட்டியது எண்ணிப் பார்த்த சோதனையே. எந்தப் பக்கம் விழும் என்று அறியாத குலுக்கலுக்குத் தம் உடலை ஒப்புவித்த ஆயிரக்கணக்கானோர் இன்றி அச்சோதனைகள் இல்லை. அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை. இன்று ஒரு பெண் மார்பகத்தை இழவாமல் வீடு திரும்புகிறாள் என்றால், அது முகமறியாத அப்பெண்கள் விட்டுச் சென்ற கொடை.

அச்சமும் ஆய்வும்

'கத்தி பட்டால் புற்று பரவும்' என்னும் அச்சம் தமிழ்நாட்டில் இன்றும் வேரூன்றி நிற்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்று உருவாக்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 முதல் பணியாற்றிவருகிறது. இருந்தும் அஞ்சியே காலம் தாழ்த்தி, நோய் முற்றிய பின் வருவோர் உளர். முற்றிய நோய் அறுவைக்குப்பின் மீள்வதைக் கண்டவர்கள் அறுவையே அதனைப் பரப்பியதாக எண்ணிக்கொள்கின்றனர்.

அந்த அச்சத்தை எள்ளி நகையாடாமல் ஒரு கேள்வியாகவே கொண்டது, டாடா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே தலைமையில் நடந்த ஆய்வு. அறுவையின்போது கட்டி அசைவதால் சில அணுக்கள் நகரக்கூடுமாயின், முன்னதாகவே கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினால் என்ன? லிக்னோகெயின் என்னும் அம்மருந்து, பல் பிடுங்குவோரும் பயன்படுத்தும் மலிவான மருந்து. ஏறத்தாழ 1,600 பெண்கள் பங்கேற்ற இச்சோதனையின் முடிவு 2023இல் வெளிவந்தது. ஐந்தாண்டுகளில் உயிருடன் இருந்தோர், மருந்து பெற்றவருள் 90.1 விழுக்காடு, பெறாதவருள் 86.4 விழுக்காடு. இது ஓர் ஆய்வின் முடிவே. பிற இடங்களிலும் உறுதிப்பட வேண்டும். இன்னொன்றையும் கருத வேண்டும். இம்மருந்து பெறாமல் அறுவை மட்டும் செய்துகொண்டவருள்ளும் நூற்றுக்கு 86 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்தனர். அறுவைக்கு அஞ்சி வீட்டில் இருந்தால் அந்த வாய்ப்பும் இல்லை.

எழுதுவோர் கடமை

அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978இல் ஒரு மார்பகத்தை இழந்தார். இழப்பை மறைக்கும் செயற்கை மார்பை அணிய மறுத்தார். தம் அனுபவத்தை 1980இல் 'புற்றுநோய்க் குறிப்பேடுகள்' என்னும் பொருள்படும் நூலாக வெளியிட்டார். பர்னிக்கும் லார்டுக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும் சொல்லக் கூசிய நோயைச் சொல்லாக்கியவர்கள் இருவரும். தமிழிலும் இந்நோய் பெயர் சொல்லப்படாமல் 'அந்த வியாதி' என்றே பல இல்லங்களில் வழங்குகிறது. பெயர் சொல்லக் கூசும் நோயைப் பற்றி மருத்துவரிடம் கேள்வி கேட்கவும் நா எழுவதில்லை.

எவ்வளவு அறுக்கப்போகிறீர்கள்? அதனினும் குறைவு போதுமா? போதும் என்பது சோதித்து அறிந்ததா? இம்மூன்று கேள்விகளை அச்சமின்றிக் கேட்கும் பெண் ஒருத்தி ஒவ்வொரு சிற்றூரிலும் இருத்தல் வேண்டும். அவளுக்கு மருத்துவன் விடையளிப்பான். அவள் கேட்பதற்குரிய சொல்லை அளிப்பது கவிஞர்களின் கடமை. பத்தாண்டுகள் சொல்லைப் பேணிய இவ்வட்டம், அடுத்த பத்தாண்டில் அச்சொல்லையும் பேணுக.