நடை தளர்ந்தாலும் நம்பிக்கை தளரற்க
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா நாளில் நோயைப் பற்றிய பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பெங்களூர் வண்டிக்குக் காத்திருக்கும் பெற்றோரைக் கண்ட பின் நாம் வாளாவிருத்தல் தகாது.

முன்னாளில் இந்நோய்க்கு மருந்தில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் தம் குழுவினருடன் அமினோப்டெரின் என்னும் மருந்தை ஆக்கினார். அதனால் குழந்தைகளின் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948-இல் வெளியிட்டார். எனினும் நோய் மூளையிலும் தண்டுவட நீரிலும் ஒளிந்திருந்து மீண்டும் தலைதூக்கியது. அம்மறைவிடத்தைத் தாக்கவே இன்று முதுகில் ஊசி மருந்து செலுத்துகின்றனர்.

நோயை வெல்லும் மருந்து நரம்பையும் வருத்துவதுண்டு. நம் முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது வின்கிறிஸ்டின். அதனால் தாடைவலி, மலச்சிக்கல், பாதத் தளர்ச்சி உண்டாகலாம். (அச்செடியை வீட்டில் கஷாயமிட்டுக் கொடுத்தலாகாது, அது நஞ்சு.) முதுகில் மெதோட்ரெக்சேட் செலுத்திய சில நாட்களில், சில பிள்ளைகளுக்கு வலிப்போ, ஒரு பக்கக் கைகால் சோர்வோ, பேச்சுக் குழறலோ நேரக்கூடும். இவற்றுள் பெரும்பாலானவை உரிய கவனிப்பால் நீங்குவன. தலைக்குக் கதிர்வீச்சுப் பெற்ற பிள்ளைகள் பிற்காலத்தில் பாடத்தில் பின்தங்குதல் கண்டு, மருத்துவர் அம்முறையைப் பெரிதும் குறைத்துவிட்டனர்.

நாம் வேண்டுவது இதுவே. வலிப்பு, கடுந்தலைவலி, ஓயாத வாந்தி, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவமனைக்கு விரையுங்கள். கண்ணேறு என்று கழிப்புக் கழித்துப் பொழுதைப் போக்காதீர்கள். மருந்தே பிள்ளையைக் கெடுத்தது என்று நடுவில் நிறுத்தவும் வேண்டா. நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்தை மாற்றுவதும் குறைப்பதும் மருத்துவர் பொறுப்பு. சிகிச்சை இரண்டாண்டுக்கு மேலும் நீளும், பொறுமை வேண்டும்.

பெங்களூரில் 1973-இல் தொடங்கப்பெற்ற கிதுவாய் நிலையமும், 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாற்றில் நிறுவிய நிலையமும் நமக்கு எட்டும் தொலைவில் உள்ளன. நோயாளிக்கும் உடன் செல்பவர்க்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவம் நிரப்ப அறியாதார் நம்மிடம் வரலாம். அது நம் அன்றாடப் பணியே.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம்: சிகிச்சை முடித்துத் திரும்பும் பிள்ளை கணக்கில் சற்றே தயங்கினால் மந்தன் என்று கடியாதீர்கள், சிறிது கூடுதல் நேரம் கொடுங்கள்.

சுரங்கத்தில் பாறை வெடித்தபொழுதெல்லாம் அண்டை வீட்டார் துயரைத் தம் துயராகக் கொண்ட ஊர் இது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் அந்த உறவு நம்மிடம் இருக்கின்றது. அவ்வுறவோடு இக்குழந்தைகளின் பெற்றோர்க்குத் துணை நிற்போமாக!