குப்பை அள்ளுபவரும் நம்ம ஆள்தான்

(குருக்கள்மடத்தில் நடந்த சுகாதாரத் தொழிலாளர் சந்திப்பில், நமது சங்க அமைப்பாளரான தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து செங்கலடி வீதியால் இறங்கி வந்திருக்கிறேன். தேயிலைக்காரருக்கு வாவிக்கரையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பதற்கு முன், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், கணக்குச் செய்யாத ஒரு பையனைப் பார்த்து, "இப்படியே இருந்தால் குப்பை வண்டிக்குப் பின்னால்தான் ஓடுவாய்" என்றேன். வகுப்பே சிரித்தது. ஒரு பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய அப்பாவுக்குப் பக்கத்து டவுனில் அந்த வண்டியில்தான் வேலை. இரண்டு நாள் அவள் பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் லயத்துக்குப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லி பிளேன்டி கொடுத்தார். கொடுத்துவிட்டு, நான் அதைக் குடிப்பேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். லயத்துக் கானையும் கக்கூசையும் சுத்தம் செய்தவரை வாசல்கூட்டி என்றோம். நம்மைப் போலவே அவருக்கும் செக்ரோலில்தான் பேர் விழுந்தது. ஆனாலும் கல்யாண வீட்டில் அவருக்குக் கடைசிப் பந்தி. துரை செய்த கொடுமையைப் பாட்டாகவே பாடுகிற நாம், இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கண்டி மாநகர சபைக்குத் துப்புரவு வேலைக்கென்று வெள்ளைக்காரன் கொண்டுவந்து மஹய்யாவையில் குடியேற்றியவர்களும் நம் முன்னோரைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்தான்.

கூட்டத்துக்கு முன் இங்கே ஒரு அக்காவோடு பேசினேன். எந்தச் சபை என்று சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்கு அவருக்கு வேலை இருக்காது. ஒரே பையில் உடைந்த கண்ணாடி, மீன்கழிவு, பிள்ளையின் பம்பஸ். பையைத் தூக்கினால் அழுகல் தண்ணீர் முழங்கை வரை வழிகிறது. சாப்பாட்டு நேரத்தில் கை கழுவ ஒரு வீட்டிலும் தண்ணீர் கேட்க மனம் வராதாம். காய்ச்சல் என்று படுத்தால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. பல வருடமாகியும் 'தற்காலிகம்'.

இந்தத் தற்காலிகம்தான் எல்லாவற்றுக்கும் வேர். நிரந்தரமானவர் கையுறை கேட்டால் அது கோரிக்கை. நாட்சம்பளக்காரர் கேட்டால் "நாளைக்கு வர வேண்டாம்". தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

180 நாள் வேலை செய்த தற்காலிக ஊழியரை நிரந்தரமாக்கச் சொல்லி 2014இல் 25ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை வந்தது. அதற்குப் பிறகும் ஆட்களைத் தற்காலிகமாகவே எடுத்தார்கள். ஆனால் தற்காலிகம் என்று சொல்லி ஊழியர் சேமலாப நிதியைத் தட்ட முடியாது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் பங்கு 8 வீதம், வேலை கொடுப்பவர் பங்கு 12 வீதம். வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்கச் சட்டம் 1934இலிருந்தே இருக்கிறது. கேட்பதற்குத் திகதி வேண்டும், கிளினிக் துண்டு வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது நம் அம்மாமார் தராசிலிருந்து கண் எடுக்க மாட்டார்கள். அதே கவனம் இங்கேயும் வேண்டும்.

2025 ஒகஸ்ட்டில் சென்னையில் ரிப்பன் மாளிகை வாசலில் துப்புரவுத் தொழிலாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியார் கம்பனிக்குக் கொடுத்ததுதான் பிரச்சினை. 13ஆம் திகதி நள்ளிரவில் பொலிஸ் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் அரசு காலைச் சாப்பாடு, காப்புறுதி, வீடு என்று திட்டங்களை அறிவித்தது. அவர்கள் கேட்டது நிரந்தர வேலை.

தோட்டத்தில் இதை வாசிக்கப்போகிற நம் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் டவுனில் குப்பை வண்டியில் நிற்பவர் பல இடங்களில் நம் லயத்துப் பிள்ளைதான். அவரையும் நம் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இங்கே வந்திருப்பவர்களுக்கு: அந்த மரத்தடியில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். வேலைக்குச் சேர்ந்த திகதி, பட்ட காயம், கடைசியாகக் கையுறை கிடைத்த மாதம், இவை மூன்றையும் சொல்லிவிட்டுப் போங்கள். எழுத வராதவர்கள் சொன்னால் நான் எழுதுகிறேன்.