ஏறாத குன்றின் வழி தூர்ந்துபோகும்
(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)



மயிலாப்பூரில் நின்று மலைகளைப் பற்றிப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். இவ்வூரில் விளங்கிய நேமிநாதர் ஆலயம் இன்று இல்லை. குணவீர பண்டிதரின் நேமிநாதமும், அவிரோதியாழ்வாரின் திருநூற்றந்தாதியும் அப்பெருமானை நினைவூட்டுகின்றன. திருவுருவம் மேல்சித்தாமூருக்கு எழுந்தருளிற்று என்பது நம் மரபு. கடற்கரையில் இருந்ததை இழந்தோம். குன்றுகளில் இருப்பவை இன்னும் நிற்கின்றன. மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வளரும் நம் பிள்ளைகள் அவற்றுக்குச் செல்லும் வழியை அறிவார்களா?

மூன்று குன்றுகளை மட்டும் கூறுகிறேன்.

முதலாவது, பொன்னூர் மலை. வந்தவாசியிலிருந்து சேத்துப்பட்டுச் சாலையில் ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவு. மலைமேல் குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகள் உள்ளன. படிக்கட்டு உண்டு, முதியோரும் மெல்ல ஏறலாம்.

இரண்டாவது, திருமலை. போளூர், ஆரணிப் பகுதியில், வடமாதிமங்கலத்திற்கு அருகில் உள்ளது. அடிவாரத்தில் குந்தவையின் பெயர் தாங்கிய ஜினாலயம். மேலே பாறையில் வடித்த, ஏறத்தாழ 16 மீட்டர் உயர நேமிநாதர். முதலாம் இராசேந்திரனின் வெற்றிகளை உரைக்கும் கல்வெட்டும் இங்குள்ளது. குகையிலுள்ள பழைய ஓவியங்களைக் கண்ணால் காண்க, கையால் தொடற்க.

மூன்றாவது, செஞ்சியை ஒட்டிய திருநாதர் குன்று. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலைப் பேருந்து ஏறினால், திண்டிவனம் வழியாகச் செஞ்சியில் இறங்கலாம். பாறையில் வரிசைக்குப் பன்னிருவராக 24 தீர்த்தங்கரர்களும் அமர்ந்துள்ளனர். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் அங்கேதான் உள்ளது.

சென்ற தை மாதம் பேரனோடு அங்குச் சென்றேன். பாதி வழியில் என் முழங்கால் மறுத்துவிட்டது. ஒரு பாறையில் அமர்ந்துகொண்டு, அவனைத் தன் தந்தையோடு மேலே அனுப்பினேன். இறங்கி வந்தவன் கேட்டான்: "தாத்தா, ஐம்பத்தேழு நாளும் அவர் தனியாகவா இருந்தார்?" நாற்பதாண்டுகள் வகுப்பறையில் கேள்விகளுக்கு விடை சொன்ன எனக்கு விடை எழவில்லை. சற்றுப் பொறுத்து, "கல்லில் பெயரை வெட்டியவர்கள் உடன் இருந்திருப்பார்கள்" என்றேன். இத்தனை ஆண்டுகள் அவனை அங்கு அழைத்துச் செல்லாதது என் பிழை என்று அப்போதுதான் உறைத்தது.

குன்றேறுவோர்க்குச் சில சொற்கள். மார்கழியும் தையும் ஏற்ற காலம். மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் மிகும் என்றே நம் முனிவர்கள் ஓரிடத்தில் தங்கினர். நாமும் அக்காலத்தைத் தவிர்ப்போம். கதிரவன் எழுந்ததும் ஏறி, பாறை சுடுமுன் இறங்குக. குடிநீரைக் கையில் கொண்டு செல்க. பொழுது சாயுமுன் உணவு முடிக்கும் நம் ஒழுக்கத்திற்கும் இதுவே பொருந்தும். தனியே செல்லற்க, வழியை உள்ளூராரிடம் கேட்டு நடக்க. பாறையில் பெயர் கிறுக்குவதும் நெகிழிக் குப்பையை விட்டு வருவதும் அவ்விடத்துக்குச் செய்யும் இம்சையே.

ஆள் நடக்காத வழியை முள் மூடிவிடும். வழி மறைந்தால், மேலே இருப்பவரைக் கேட்பாரும் காப்பாரும் இரார். வரைபடம் வழியைக் காட்டும். அங்கே இருப்பவர் யார் என்பதை உடன் நடக்கும் பெரியவரே சொல்ல இயலும்.

ஆகவே, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு குன்று என்று இவ்விழாவில் உறுதி கொள்வோம். ஏற இயலாதவர்களும் வாருங்கள். அடிவாரத்தில் அமர்ந்து, இறங்கி வரும் பிள்ளைகளின் கேள்விகளைக் கேட்க நம்மில் ஒருவர் வேண்டும்.

அறம் வளர்க.