பெரட்டுக் களத்தில் ஒரு புதிய ஆட்டம்

மலைநாட்டுத் தோட்டமொன்றில் திறப்பு விழா நடைபெறும் முறையை ஊவா மாகாணத்து மக்கள் நன்கறிவர். வாயிலில் வாழைமரம் நிற்கும், தோரணம் ஆடும். தப்பு முழங்க விருந்தினர் அழைத்து வரப்படுவர். அவர்கள் குறித்த நேரத்தில் வந்து சேர்வது அரிது. வெள்ளைச் சீருடையணிந்த பிள்ளைகள் அதுவரை வெயிலில் வரிசையாக நிற்பர். பின்னர்க் குத்துவிளக்கு ஏற்றப்படும், நாடா வெட்டப்படும், சொற்பொழிவுகள் நிகழும், மாலைகள் மேசையிற் குவியும். பொழுது சாய்வதற்குள் நாற்காலிகள் லொறியில் ஏறிவிடும். எஞ்சி நிற்பது பெயர்ப்பலகையும், அதனை அண்ணாந்து பார்க்கும் நாலைந்து சிறுவருமே.

அவ்வாறு திறந்து வைக்கப்படுவது இளைஞருக்கான பேஸ்போல் பயிற்சிக் கழகமாயின், அந்தச் சிறுவர்கள் அதிலிருந்து எதனை எதிர்பார்க்கலாம்? பதுளை மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைகளை மனத்திற்கொண்டு இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

பேஸ்போல் அமெரிக்கரின் ஆட்டம் என்பது உண்மையே. ஆயினும் இலங்கைப் பிள்ளைக்கு அது முற்றிலும் அந்நியமானதன்று. சித்திரைப் புத்தாண்டு நாட்களிற் சிங்களக் கிராமங்களில் ஆடப்பெறும் எல்லே விளையாட்டைக் கண்டவர்களும், லயத்து வாசலிற் கிட்டிப்புள் ஆடியவர்களும் இதனை ஒரு பிற்பகலிற் புரிந்துகொள்வர். பக்கத்துக்கு 9 பேர். எறியப்படும் பந்தை அடித்துவிட்டு மூன்று தளங்களையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு மீண்டால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தாற் பக்கம் மாறும். இலங்கையில் இவ்வாட்டம் வளர்ந்ததற்கு ஜப்பானியத் தொண்டர்கள் பயிற்றுநராக வந்து உழைத்தமை ஒரு பெருங்காரணம். ஹோமாகமைக்கு அருகே தியகமையில் இதற்கெனவே ஒரு மைதானம் உண்டு. 2019ஆம் ஆண்டில் மேற்காசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணி, அவ்வாண்டே தைவானில் நடைபெற்ற ஆசியப் போட்டியிலும் ஆடியது. கொழும்புப் பக்கத்தில் இத்துணை தூரம் வளர்ந்த ஓர் ஆட்டம் மலையேறி வருவதில் வியப்பொன்றுமில்லை.

வியப்பன்று, ஆனாற் சிரமம். பெரியவர் ஆடும் களத்தில் ஒரு தளத்துக்கும் மறு தளத்துக்கும் இடையே 90 அடி. எறிபவர் நிற்கும் இடத்துக்கும் அடிப்பவருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். அதற்கப்பால் வெளிக்களம் 300 அடிக்கு மேல் விரிந்து கிடத்தல் வேண்டும். பசறையிலோ நமுனுகுலையிலோ அப்புத்தளையிலோ இத்துணை சமநிலத்தை எங்கே தேடுவது? தோட்டத்திற் சமமாக இருப்பவை தொழிற்சாலை முற்றமும், கோயில் வாசலும், காலையிற் பேர் பதியும் பெரட்டுக் களமுந்தான். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்துப் பிள்ளைகளின் கிரிக்கெட் வளர்ந்ததும் இவ்விடங்களிலேயே. பந்தைச் சற்று உயர அடித்துவிட்டால் அது தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிவிடும். ஆட்டத்திற் பாதி நேரம் தேடுவதிற் கழியும். அடித்தவனே போய் எடுத்து வரவேண்டும் என்பது எங்கும் எழுதப்படாத சட்டம்.

மலையை வெட்டிக் களம் அமைக்கலாம் எனச் சொல்வார் உளர். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலைச்சரிவு இறங்கி லயங்களை மூடிய கொடுமையை ஊவா மக்கள் மறந்துவிடவில்லை. மண்ணின் இயல்பறியாமற் சரிவில் மண்வெட்டி வைப்பது விளையாட்டன்று. களத்துக்கேற்ப நிலத்தை மாற்றுவதை விடுத்து, நிலத்துக்கேற்பக் களத்தைச் சுருக்குவதே அறிவுடைமை. 12 வயதுக்குட்பட்ட சிறுவர்க்கென அமெரிக்காவிலேயே 60 அடித் தள இடைவெளியும் 46 அடி எறிதூரமும் கொண்ட சிறிய களம் வழக்கிலுண்டு. அதனை ஒரு நல்ல பாடசாலை முற்றத்தில் வரைந்துவிடலாம். முற்றத்துக்கு அப்பாலுள்ள காணிக்குத் தோட்ட நிருவாகத்தின் இசைவு வேண்டும். 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிருவாகம் 1992இற் கம்பனிகளிடம் சென்றது. அவ்விசைவை யாரிடம் எழுத்திற் பெறுவது என்பதை நாடா வெட்டும் முன்னரே தீர்த்துக்கொள்ள வேண்டும். பருவமும் நோக்கத்தக்கது. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழையில் மைதானம் சேறாகிவிடும். ஊவாத் தேயிலைக்கு அதன் புகழ்மிக்க மணத்தைத் தரும் ஆடி, ஆவணி மாதத்து வறண்ட காற்றே பயிற்சிக்கும் உகந்த காலம்.

இனிக் கருவிகள். ஒரு பலகைத் துண்டும் டென்னிஸ் பந்தும் இருந்தாற் கிரிக்கெட் நடக்கும். பேஸ்போலிலோ களத்தில் நிற்கும் ஒன்பதின்மருக்கும் தோற் கையுறை வேண்டும். இடக்கைப் பிள்ளைக்குரிய கையுறை வேறு. நன்கொடைப் பெட்டியில் அது இருக்கிறதா என்று திறந்து பார்ப்பவர் சிலரே.

ஆயினும் களமும் கையுறையும் மட்டும் ஆட்டக்காரனை ஆக்குவதில்லை. டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய முத்தையா முரளிதரனின் பாட்டனார் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர். பேரனோ கண்டி நகரில், பிஸ்கட் தொழில் நடத்திய தந்தையின் இல்லத்தில் வளர்ந்து, புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்றார். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த அவரைப் பதினான்கு வயதளவிற் சுழற்பந்துக்குத் திருப்பியவர் அக்கல்லூரிப் பயிற்றுநர். அதே மணிக்கட்டுடன் ஒரு பிள்ளை லயத்திற் பிறந்திருந்தால் அதனைக் கண்டுகொள்ளும் கண் எங்கே இருந்திருக்கும்?

இக்கேள்விக்கு உலகின் மறுகோடியில் ஒரு விடையுண்டு. கரிபியன் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசில் சான் பெத்ரோ தெ மக்கோரிஸ் என்னும் ஊர் கரும்பாலைகளால் உருவானது. ஆங்கிலேயர் ஆண்ட சிறு தீவுகளிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு மக்கள் அங்கே சென்று குடியேறினர். அவர்களைக் கொக்கொலோ என்று உள்ளூரார் இகழ்ந்து அழைத்தனர். வந்தவர்கள் ஆலை முற்றங்களிற் கிரிக்கெட் ஆடினர். அவர்தம் பிள்ளைகள் அதே கைத்திறனோடு பேஸ்போலுக்கு மாறினர். அச்சூழலில் வளர்ந்த ரிக்கோ கார்ட்டி 1970ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய லீக்கின் முதல்நிலைத் துடுப்பாட்டக்காரர் ஆனார். அவ்வூரின் ஜோர்ஜ் பெல் 1987இல் அமெரிக்கன் லீக்கின் தலைசிறந்த வீரர் விருதைப் பெற்றார். இகழ்ச்சிப் பெயர் காலப்போக்கிற் பெருமைப் பெயராயிற்று. நம் மலையகத்தார் இக்கதையைக் கேட்டால் பாதியைத் தங்கள் வீட்டுக் கதையென்றே கருதுவர்.

மற்றப் பாதியையும் சொல்லியாக வேண்டும். 1987இல் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் கழகம் அந்நாட்டிற் காம்போ லாஸ் பால்மாஸ் என்ற பயிற்சிக் கழகத்தைத் திறந்தது. பிற கழகங்களும் தொடர்ந்தன. 16 வயதில் ஒப்பந்தம் எழுதலாம் என்பதால், அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே பாடசாலையைக் கைவிட்டுப் பந்தின் பின்னே போகும் சிறுவர் ஏராளம். பெரிய லீக்கை அடைவோர் மிகச் சிலர். ஏனையோர் இருபது வயதளவில், எழுத்தறிவும் குறைவாக, கையில் ஒரு தொழிலுமின்றி வீடு திரும்புகின்றனர். பெயர்ப்பலகையில் அவர்களின் படம் வருவதில்லை.

இலங்கையிற் பேஸ்போல் ஆடிப் பொருள் ஈட்டும் வாய்ப்பு அந்த அளவிற்கும் இல்லை. ஆதலால் ஊவாவில் இத்தகைய கழகம் அமையுமாயின், அதன் கதவு பாடசாலைக்குள்ளே திறக்க வேண்டும்; பாடசாலையிலிருந்து வெளியே அன்று. வரவுப் பதிவேட்டில் இடைவெளி விழும் பிள்ளையைப் பயிற்றுநர் அன்றே வகுப்பாசிரியரிடம் விசாரித்தல் வேண்டும். கொழும்பிற் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட எண்ணும் பதினைந்து வயதுப் பையனை மேலும் ஓராண்டு வகுப்பில் இருத்தி வைக்க ஒரு கையுறை உதவுமாயின், அக்கையுறை வாங்கிய பணம் வீணன்று. தாய் மலையிற் கொழுந்தெடுக்கையில் வீட்டுப் பொறுப்பனைத்தையும் தாங்கும் பெண்பிள்ளைகளுக்கும், இதன் உடன்பிறப்பாகிய சொப்ட்போல் மூலம் அம்முற்றத்தில் இரண்டு மணிநேரம் உரியதாக வேண்டும். வெறும் வயிற்றோடு ஓடுவது எவர்க்கும் இயலாது. பயிற்சிக்கு முன் ஒரு பணிசும் தேநீரும் வரவுசெலவுக் கணக்கில் முதல் வரியிலேயே இடம்பெறட்டும்.

இன்னுமொன்று. பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடும். பயிற்சி ஐந்து மணிவரை நீளுமாயின், மேற்பிரிவுத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் இருட்டில் நான்கு மைல் ஏறவேண்டியிருக்கும். நேரசூசி தயாரிப்போர், பதுளையிலிருந்து அப்பாதைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதை முதலிலே கேட்டு எழுதிக்கொள்வாராக.