தைராய்டு ரிப்போர்ட்டும் தினசரி மாத்திரையும்: எப்போது தொடங்க வேண்டும், எப்போது பொறுக்கலாம்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பிலேயே வசிக்கும் பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்போது முழு உடல் பரிசோதனை செய்துகொள்வது எளிதாகிவிட்டது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துச் செல்கிறார்கள், மாலையே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. அதில் தைராய்டு பகுதியில் ஒரு எண் தடித்த எழுத்தில், பக்கத்தில் அம்புக்குறியோடு இருந்தால் அன்று இரவு தூக்கம் போய்விடுகிறது. மறுநாள் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிவிடலாமா என்ற யோசனையும் வருகிறது.

இன்று நான் சொல்ல வந்தது இரண்டே விஷயங்கள். ஒரே ஒரு பரிசோதனையில் சற்றுக் கூடி வந்த எண்ணை வைத்து வாழ்நாள் மாத்திரையைத் தொடங்காதீர்கள். தேவைப்பட்டுத் தொடங்கிய மாத்திரையை, எண் சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் இவற்றுக்கான விளக்கம்தான்.

டிஎஸ்எச் என்றால் என்ன?

நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் சென்சார் மோட்டாரை ஓடச் சொல்கிறது. நிறைந்தால் நிறுத்தச் சொல்கிறது. கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பிதான் மோட்டார். அது சுரக்கும் டி4, டி3 ஹார்மோன்கள்தான் தண்ணீர். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளைதான் டிஎஸ்எச்.

அதனால்தான் இந்த எண் தலைகீழாக வேலை செய்கிறது. தைராய்டு சோர்ந்துபோனால் டிஎஸ்எச் ஏறும். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் டிஎஸ்எச் இறங்கும். "எனக்கு தைராய்டு ஏழு இருக்கிறது, அதிகம்" என்று சொல்கிறோம். உண்மையில் அதிகமாக இருப்பது கட்டளைதான். ஹார்மோன் குறைந்திருக்கிறதா என்பதை ஃப்ரீ டி4 என்ற இன்னொரு எண்தான் சொல்லும்.

எண்களை எப்படிப் படிப்பது?

பெரும்பாலான ஆய்வகங்கள் பெரியவர்களுக்கு டிஎஸ்எச் 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இயல்பு என்று போடுகின்றன. இப்படிப்பட்ட எல்லைகள், ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேர் உள்ளே வரும்படி வகுக்கப்படுபவை. நோயே இல்லாத சிலரும் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள்.

டிஎஸ்எச் கூடி, ஃப்ரீ டி4 குறைந்திருந்தால் அது தெளிவான ஹைப்போதைராய்டு. மாத்திரை தேவை; தயங்க வேண்டாம்.

டிஎஸ்எச் கூடி, ஃப்ரீ டி4 இயல்பாக இருந்தால் அது ஆரம்பநிலை. மருத்துவர்கள் இதை சப்கிளினிக்கல் என்பார்கள். குழப்பமெல்லாம் இங்கேதான்.

டிஎஸ்எச் மிகவும் இறங்கி, கூடவே படபடப்பு, கைநடுக்கம், எடைக்குறைவு இருந்தால் அது ஹைப்பர்தைராய்டாக இருக்கலாம். அதற்கான மருந்தே வேறு. உடனே மருத்துவரைப் பாருங்கள்.

2013இல் வெளியான ஓர் ஆய்வு, சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்தது. ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்கு ஹைப்போதைராய்டு இருந்தது. ஆரம்பநிலையில் இருந்தவர்கள் சுமார் 8 சதவீதம். ஆகவே நம் குடியிருப்பிலும் பலர் இருப்பார்கள்; யாரும் ஒளித்துவைக்க வேண்டிய விஷயமல்ல.

ஆரம்பநிலை என்றால் என்ன செய்வது?

முதலில், திரும்பப் பரிசோதியுங்கள். டிஎஸ்எச் ஒரே நாளில்கூட ஏறி இறங்கும். இரவிலும் விடியற்காலையிலும் கூடுதலாகவும், மதியத்துக்கு மேல் குறைவாகவும் இருக்கும். கடுமையான காய்ச்சலிலிருந்து தேறி வரும்போது தற்காலிகமாகக் கூடும். முடி வளர்வதற்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை பரிசோதனையையே ஏமாற்றிவிடும்; இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே ஆய்வகத்தில், அதே நேரத்தில், ஃப்ரீ டி4, ஆன்டி டிபிஓ இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சற்றே கூடியிருந்தவர்களில் கணிசமானோருக்கு எண் தானாகவே இறங்கியிருக்கும்.

ஆன்டி டிபிஓ என்பது, நம் உடலின் எதிர்ப்புச் சக்தி தைராய்டையே தாக்குகிறதா என்று காட்டும் பரிசோதனை. அது பாசிட்டிவ் என்றால் நாளடைவில் தைராய்டு சோர்ந்துபோகும் வாய்ப்பு அதிகம். வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் முறையும் டிஎஸ்எச் 10க்கு மேல் என்றால் பொதுவாக மாத்திரை தொடங்குவோம். 4.5க்கும் 10க்கும் நடுவில் என்றால், உங்கள் வயது, தொந்தரவுகள், ஆன்டி டிபிஓ, இதயநோய், குழந்தைப்பேறு எண்ணம் எல்லாவற்றையும் வைத்துத்தான் முடிவு. வெறுமனே கவனித்து வருவதும் ஒரு சிகிச்சை முடிவுதான்.

முக்கியமாக, 65 வயதைத் தாண்டியவர்கள் கேளுங்கள். வயது ஏற ஏற டிஎஸ்எச் கொஞ்சம் கூடுவது இயல்பு. ஐரோப்பாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரை வைத்து நடந்த 'டிரஸ்ட்' ஆய்வு 2017இல் வெளியானது. ஆரம்பநிலையில் இருந்த அவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையான மாத்திரை, மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் சோர்விலோ மற்றத் தொந்தரவுகளிலோ இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அதே சமயம், மாத்திரை அளவு மீறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பு தேயலாம். முதியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

இரண்டு இடங்களில் மட்டும் காத்திருக்கவே கூடாது. ஒன்று, கர்ப்பம். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பியிருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண், கர்ப்பம் உறுதியானதுமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். இன்னொன்று, பிறந்த குழந்தை. இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு குழந்தை தைராய்டு குறைபாட்டோடு பிறக்கிறது. பார்த்தால் தெரியாது. குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். பேரன் பேத்தி பிறந்தால், இந்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று மருத்துவமனையில் கேளுங்கள்.

மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு

காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மறுபரிசோதனை. இந்த ஹார்மோன் உடலில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், பதினைந்து நாளில் பார்த்தால் சரியான எண் கிடைக்காது. எண் இயல்புக்கு வந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம், நோய் போய்விட்டது என்று அர்த்தமல்ல. அடுத்த வீட்டுக்காரரின் அளவு உங்களுக்குப் பொருந்தாது. எடை, வயது, இதயநிலை பார்த்துத்தான் அளவு.

உப்பும் மரவள்ளியும்

தைராய்டு ஹார்மோனின் மூலப்பொருள் அயோடின். மத்திய அரசு 1962இல் கழுத்துக்கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பதற்கு 2006இல் தடை வந்தது. நமக்குப் பக்கத்தில் மரக்காணம் உப்பளம் இருக்கிறது. ஆனால் கடல் உப்பு என்பதாலேயே அதில் போதிய அயோடின் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், சேர்த்தால்தான் உண்டு. இப்போது ஆரோக்கியம் என்று சொல்லி வாங்கும் இந்துப்பிலும் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. கல் உப்போ தூள் உப்போ, பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா பாருங்கள். மூடியுள்ள டப்பாவில், அடுப்புச் சூடு படாமல் வையுங்கள்.

கல்வராயன் மலையிலும் சின்னசேலம் பக்கமும் விளையும் மரவள்ளிக்கிழங்கைச் சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். அதில் உள்ள ஒரு பொருள் உடலில் தயோசயனேட்டாக மாறி, அயோடினைத் தைராய்டுக்குள் போகவிடாமல் தடுக்கும். அயோடினும் இல்லாமல், மரவள்ளியே முழு உணவாகவும் இருந்த மத்திய ஆப்பிரிக்கப் பகுதிகளில் இது கழலைக்குக் காரணமானது. அயோடின் உப்பு சாப்பிடும் நாம், நன்றாக வேகவைத்து, அவ்வப்போது சாப்பிடுவதில் பயமில்லை.

கடைசியாக ஒன்று. நம் வீடுகளில் வேலை செய்பவர்களில், உறவினர்களில், மலையிலிருந்து வருபவர்கள் உண்டு. நமக்கு மறுபரிசோதனை என்பது ஒரு போன். வெள்ளிமலையிலிருந்தோ கரியாலூரிலிருந்தோ இறங்கி வருபவருக்கு அது ஒரு நாள் கூலி, பேருந்துச் செலவு. அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: முதல் முறையே டிஎஸ்எச்சுடன் ஃப்ரீ டி4 பார்க்க முடியுமா என்று கேளுங்கள், ஒரு பயணம் மிச்சமாகும். சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு கவரில் போட்டு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

அந்தக் கவரை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, எண், அன்று சாப்பிட்ட மாத்திரை அளவு மூன்றையும் வரிசையாக எழுதி மருத்துவரிடம் காட்டினால் பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும். உங்கள் சொந்த ரிப்போர்ட்டைப் பற்றிய முடிவை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரோடு பேசி எடுங்கள்.