கெட்ட கொழுப்பு வலிக்காதுங்க!

கணபதி மக்களே! லேத் பட்டறைக்குப் போறவங்க, ஷிப்ட் பார்க்கிறவங்க, வீட்டைக் கவனிக்கிறவங்க, எல்லாருக்கும் ஒரு சேதி.

எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு ரத்தக் குழாயில் சத்தமில்லாமல் படியும். ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். பொதுவாக 100-க்குள் இருப்பது நல்லது. மாரடைப்பு வந்தவர்களுக்கு 70-க்கும் கீழே இருக்க வேண்டும். 40 வயது தாண்டிவிட்டால் ஒருமுறை பார்த்துடுங்க. குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் அதற்கும் முன்பே பாருங்க.

சாப்பாட்டில் கொள்ளு, கம்மஞ்சோறு, ராகிக்களி, கீரை, கொய்யா சேர்த்துக்கோங்க. இவற்றின் நார்ச்சத்து கொழுப்பைக் குறைக்க உதவும். சாயங்கால டீயோட பப்ஸ் வேண்டாம். ஒரு கைப்பிடி நிலக்கடலை போதும். தேங்காய் எண்ணெயைக் குறைச்சு, கடலெண்ணெய், நல்லெண்ணெயை அளவாக ஊற்றுங்க. பீடி, சிகரெட்டை விட்டுடுங்க. தினமும் அரை மணி நேரம் வேகமா நடங்க.

அப்பவும் குறையலைன்னா மருத்துவர் ஸ்டேட்டின் மாத்திரை தருவார். "அளவு இறங்கிருச்சே" என்று நீங்களாக நிறுத்தாதீங்க; மாத்திரையாலதானே இறங்குச்சு! தசைவலி இருந்தாலோ, கர்ப்பம் என்றாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்க.

நெஞ்சு இறுக்கம், வியர்வை, கை வலி வந்தால் வாயுன்னு ஓமத்தண்ணி குடிச்சுட்டு உட்காராதீங்க. 108-ஐ அழையுங்க. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல்கட்ட மாத்திரைகள் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அதில் ஸ்டேட்டினும் ஒன்று.

கையில் இருக்கிற போனில் இப்பவே பரிசோதனைக்கு ஒரு நாள் குறிச்சு வைங்க.