சொல்லி ஆறும் துயரம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் காண ஆவலுடன் அமர்ந்திருக்கும் தங்கள்முன் மனத்துயரைப் பற்றிப் பேச வந்தமைக்கு முதற்கண் மன்னிப்பு வேண்டுகிறேன். நான் மருத்துவன் அல்லேன். கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஆயினும் இப்பொருளில் எனக்கு ஓர் அனுபவம் உண்டு. இக்காலனியில் எவரிடமும் இதுவரை அதைக் கூறியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஜனவரி மாத மூடுபனியில், நான் சென்ற பேருந்து சாலையோரம் நின்ற லாரியின்மீது மோதியது. எனக்குக் கையில் சிறு காயம். பக்கத்தில் இருந்தவரோ பிழைக்கவில்லை. காயம் மூன்று வாரத்தில் ஆறிற்று. ஆனால் பிரேக் ஒலி கேட்டால் உடல் நடுங்கும். இரவில் அதே காட்சி கனவில் வரும். எட்டு மாதம் நான் பேருந்தில் ஏறவில்லை. "நடப்பது மூட்டுக்கு நல்லது" என்று வீட்டாரிடம் பொய்யுரைத்தேன். ஞாயிறுதோறும் ஊரிலிருந்து தமையனார் தொலைபேசியில் நலம் கேட்பார். "சுகந்தான், அண்ணா" என்பேன். ஊரை விட்டு வந்த நம்மில் எத்தனை பேர் இப்படிச் சொல்லி வருகிறோம்!

இறுதியில் என் மனைவி உண்மையை அறிந்தாள். அவள் வற்புறுத்தியதால் உளவியல் வல்லுநர் ஒருவரை நாடினேன். விபத்து நிகழ்ந்த காலைப் பொழுதைத் தொடக்கம் முதல் முடிவு வரை, இப்போது நிகழ்வது போலவே, வாய்விட்டுச் சொல்லுமாறு அவர் பணித்தார். ஹிந்தியில் தொடங்கினேன்; கொடிய இடம் வந்ததும் நா எழவில்லை. "தங்கள் மொழியிலேயே சொல்லுங்கள்" என்றார். தமிழில் சொன்னேன், அன்றுதான் முதன்முறையாக அழுதேன். அதை ஒலிப்பதிவு செய்து நாள்தோறும் கேட்கச் செய்தார். பின்னர்ப் படிப்படியாகப் பழக்கினார்: முதலில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பது, அடுத்து, நின்ற வண்டியில் அமர்வது, அதன்பின் ஒரு நிறுத்தம் செல்வது. பத்து வாரத்தில் மீண்டும் அலுவலகத்திற்குப் பேருந்தில் சென்றேன்.

இது எட்னா ஃபோவா என்னும் அறிஞர் அமெரிக்காவில் வகுத்து, பல ஆய்வுகளில் சோதித்தறியப்பட்ட முறை. அஞ்சி விலகுந்தோறும் அச்சம் வளர்கிறது. பாதுகாப்பாக அணுகினால், நினைவு வேறு, ஆபத்து வேறு என்று மனம் கற்றுக்கொள்கிறது. ஆயினும் துயர் நேர்ந்தவுடன் ஒருவரை வற்புறுத்திப் பேசச் செய்வது நன்மை தருவதில்லை என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே வெறும் பேச்சு அன்று, முறையறிந்த பேச்சே மருந்து.

இதற்கெல்லாம் பெரிய மருத்துவர்கள் வேண்டுமே என்பீர்கள். கோவாவில் டாக்டர் விக்ரம் படேலும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலத் துறையில் முன்பயிற்சி அற்ற உள்ளூர் மக்களுக்கே பயிற்சியளித்து ஆலோசகர்களாக்கினர். கடும் மனச்சோர்வுற்றோரை அவர்கள் ஆறு முதல் எட்டு முறை சந்தித்துப் பேசினர். சோர்வால் கைவிட்ட நற்செயல்களைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்கச் செய்தனர். மூன்று மாதத்தில் அவர்களுள் நூற்றுக்கு 64 பேர் நலமுற்றனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோருள் 39 பேரே. 'லான்செட்' இதழ் 2017-இல் இதனை வெளியிட்டது.

அன்பர்களே, ஊரில் திண்ணை உண்டு. அடுத்த வீட்டுப் பாட்டி முகவாட்டம் கண்டே விசாரிப்பாள். இங்கே கதவுகள் மூடியிருக்கின்றன. 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலும் பேசலாம். நம் செயற்குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள்: தமிழறிந்த உளவியல் வல்லுநர் ஒருவரை மாதம் ஒருமுறை அழைத்து, நூலகத்தை அடுத்த சிறு அறையை அவருக்கு ஒதுக்குங்கள். யார் வந்தார், ஏன் வந்தார் என்று மற்றவர் கேளாதிருப்போம்.

துயருற்றவரிடம் "மறந்துவிடு" என்று இனிச் சொல்லாதீர்கள். நான் எட்டு மாதம் முயன்றும் மறக்க முடியவில்லை. "சொல்ல விரும்பும்போது சொல்லுங்கள், கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். அதுவே போதும்.